சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்: வழக்கின் பெயரிலேயே இருக்கும் கதை

2018 நவம்பர் 9, வெள்ளிக்கிழமை. இரவுச் சாப்பாடு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி விடாமல் அதிர்ந்தது. ஒரே படத்தை நாலைந்து பேர் அனுப்பியிருந்தார்கள்: அதிவிசேட வர்த்தமானி. நள்ளிரவோடு இலங்கைப் பாராளுமன்றம் கலைகிறது, 2019 ஜனவரி 5 பொதுத் தேர்தல், ஜனவரி 17 புதிய பாராளுமன்றத்தின் முதல் அமர்வு. கீழே சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் கையெழுத்து.

அந்தப் பிரகடனத்தை இரண்டு தடவை வாசித்தேன். அரசியலமைப்பின் 33(2)(இ), 62(2), 70(5) என்று மூன்று உறுப்புரைகள் அதில் துணைக்கு அழைக்கப்பட்டிருந்தன. பாராளுமன்றத்தைக் கலைப்பது பற்றி நேரடியாகப் பேசும் 70(1) மட்டும் இல்லை. வழக்கு அந்த இடைவெளியில் தொடங்கியது என்றே இன்றும் நினைக்கிறேன்.

70(1) அப்போது சொன்னது இதுதான்: சனாதிபதி பாராளுமன்றத்தைக் கூட்டலாம், கூட்டத்தொடரை முடிவுறுத்தலாம், கலைக்கலாம். ஆனால் முதல் அமர்விலிருந்து நான்கு ஆண்டு ஆறு மாதம் ஆகும்வரை கலைக்கக்கூடாது. அதற்கு முன் கலைக்க வேண்டுமென்றால் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 225 பேரில் 150 பேர், தாங்களே தீர்மானம் நிறைவேற்றிக் கேட்க வேண்டும். அந்தப் பாராளுமன்றம் முதலில் கூடியது 2015 செப்டெம்பர் 1. நான்கரை ஆண்டு முடிவது 2020 மார்ச் 1. வர்த்தமானி வந்தபோது மூன்று ஆண்டும் இரண்டு மாதமும் சில நாளுமே ஆகியிருந்தன. 150 பேரின் தீர்மானமும் கிடையாது.

இந்த வரம்பை எழுதிய 19ஆவது திருத்தம் 2015இல் 212 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு. அந்தத் திருத்தத்தை மக்களுக்கு வாக்குறுதியாகக் கொடுத்துப் பதவிக்கு வந்தவர் அதே சிறிசேன. அதற்கு முந்திய ஏற்பாட்டின்படி ஓராண்டு போனதும் கலைக்கலாம். 2004 பெப்ரவரியில் சந்திரிகா குமாரதுங்க அப்படித்தான் ரணில் விக்கிரமசிங்கவின் அரசாங்கத்தை வீட்டுக்கு அனுப்பினார். அது மறுபடி நடக்கக்கூடாது என்றுதான் பூட்டுப் போட்டார்கள்.

அதுவரை நடந்தது

பதினான்கு நாள் முன்னால், ஒக்டோபர் 26 வெள்ளிக்கிழமை மாலை, ரணிலைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கியதாக அறிவித்துவிட்டு முன்னாள் சனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார் சனாதிபதி. ரணில் பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையை விட்டு வெளியேற மறுத்தார். அன்றிரவே அரச தொலைக்காட்சி நிலையங்களுக்குள் மஹிந்தவின் ஆதரவாளர்கள் புகுந்தார்கள். ரூபவாஹினி சிறிது நேரம் இருண்டு கிடந்தது. மறுநாள் பாராளுமன்றக் கூட்டத்தொடர் நவம்பர் 16 வரை முடிவுறுத்தப்பட்டது. பெரும்பான்மையைத் திரட்ட அவகாசம் வேண்டியிருந்தது என்பது யாருக்கும் மறைவில்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பிலிருந்தும் ஓர் உறுப்பினர் அந்தப் பக்கம் போய்ப் பிரதி அமைச்சரானார். இருந்தும் பெரும்பான்மைக்குத் தேவையான 113 சேரவில்லை. சேராது என்று தெரிந்த பிறகுதான் கலைப்பு வந்தது.

இங்கே ஒன்றை நினைவூட்ட வேண்டும். அதே ஆண்டு ஜனவரியில், தன் பதவிக்காலம் ஐந்தாண்டா ஆறாண்டா என்று இதே சனாதிபதி உயர் நீதிமன்றத்திடம் அபிப்பிராயம் கேட்டிருந்தார். அரசியலமைப்பின் 129ஆவது உறுப்புரை அதற்கு வழி தருகிறது. ஐந்துதான் என்று சொன்னார்கள், ஏற்றுக்கொண்டார். கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி அவருக்குத் தெரியாமலில்லை. நவம்பரில் அவர் கேட்கவில்லை. (தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு: இலங்கையில் உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் உச்சியில் உள்ள நீதிமன்றம். அங்கே நீங்கள் உச்ச நீதிமன்றம் என்பது இதைத்தான்.)

திங்கட்கிழமை, நவம்பர் 12, உயர் நீதிமன்றம் இருக்கும் கொழும்புப் புதுக்கடைக்கு மனுக்கள் வரத் தொடங்கின. மொத்தம் பத்து. எதிர்க்கட்சித் தலைவர் இரா. சம்பந்தனுடையது அவற்றில் முதல் இலக்கம் பெற்றது. அதனால்தான் வழக்கு அவர் பெயரில் நிற்கிறது. ஐக்கிய தேசியக் கட்சி, மக்கள் விடுதலை முன்னணி, மனோ கணேசனின் தமிழ் முற்போக்குக் கூட்டணி, முஸ்லிம் காங்கிரஸ், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் ஆகியனவும் வந்தன. தேர்தல் ஆணைக்குழு உறுப்பினர்களில் ஒருவரான பேராசிரியர் ரத்னஜீவன் ஹூலும் மனுதாரர். தேர்தலை நடத்த வேண்டிய இடத்தில் இருப்பவரே, இந்தத் தேர்தல் சட்டப்படியானதா என்று நீதிமன்றத்திடம் கேட்டார். அதற்குத் துணிவு வேண்டும்.

13ஆம் தேதி மாலை மூன்று நீதியரசர்கள் டிசம்பர் 7 வரை இடைக்காலத் தடை விதித்தார்கள். மறுநாளே சபாநாயகர் கரு ஜயசூரிய சபையைக் கூட்டினார். நம்பிக்கையில்லாப் பிரேரணைக்கு 122 பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். 16ஆம் தேதி நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சபாநாயகரின் ஆசனத்தில் ஓர் உறுப்பினர் ஏறி உட்கார்ந்துகொண்டார். பொலிஸார் கைகோத்து வளையமிட, நடுவில் நின்றபடி ஒலிவாங்கியைக் கையில் பிடித்துச் சபையை நடத்தினார் சபாநாயகர். நாற்காலிகள் பறந்தன. மிளகாய்த்தூள் கரைத்த தண்ணீரை ஊற்றினார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற பொலிஸ்காரரின் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. மோதலைத் தவிர்க்கவே பாராளுமன்றத்தைக் கலைத்ததாகச் சனாதிபதி நாட்டுக்குச் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

எழுவர் முன்னால்

டிசம்பர் 4இலிருந்து நான்கு நாள் முழு விசாரணை. ஏழு நீதியரசர்கள்: பிரதம நீதியரசர் நளின் பெரேரா, புவனெக அளுவிஹாரே, சிசிர டி ஆப்ரு, பிரியந்த ஜயவர்தன, பிரசன்ன ஜயவர்தன, விஜித் மலல்கொட, முர்து பெர்னாண்டோ. சம்பந்தனுக்காக சனாதிபதி சட்டத்தரணி (மூத்த வழக்கறிஞருக்குத் தரப்படும் பட்டம் அது) கனக ஈஸ்வரன் வாதிட்டார். அரசின் பக்கம் அதன் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபர் ஜயந்த ஜயசூரிய. கலைப்பு சரி என்று சொல்ல ஜி.எல். பீரிஸ், உதய கம்மன்பில, வாசுதேவ நாணயக்கார போன்றோர் இடையீட்டு மனுதாரர்களாகச் சேர்ந்திருந்தார்கள்.

அரசு தரப்பின் முதல் வாதம் 33(2)(இ)இல் நின்றது. அரசியலமைப்பின் வேறிடங்களில் தரப்பட்டவற்றுக்கு "மேலதிகமாக" சனாதிபதிக்குள்ள அதிகாரங்களை அந்த உறுப்புரை வரிசைப்படுத்துகிறது. அதில் பாராளுமன்றத்தைக் கலைப்பதும் ஒன்று. அங்கே நான்கரை ஆண்டு என்று எதுவுமில்லை. ஆகவே இது 70க்குக் கட்டுப்படாத தனி அதிகாரம். கேட்கும்போது ஒரு கணம் சரி போலத்தான் இருக்கும். நீதிமன்றம் அதை எளிமையாகவே அவிழ்த்தது. 33 அதிகாரத்தின் பெயரைச் சொல்கிறது; அதை எப்போது, எப்படிப் பாவிப்பது என்பதை 70 சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். தனித்தனியே வாசித்தால் 70இல் உள்ள காப்புவாசகத்துக்கு, அதாவது அந்த நான்கரை ஆண்டு வரம்புக்கு, வேலையே இல்லாமல் போகும். 212 பேர் கைதூக்கி எழுதிய ஒரு வரி வெறும் அலங்காரமாகிவிடும். அரசியலமைப்பில் அப்படி ஒரு வரி இருக்க முடியாது.

வாசற்கதவை எப்போது திறக்கலாம் என்று வீட்டுக்காரர் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். காவலாளி தன் நியமனக் கடிதத்தைக் காட்டி, "கதவு திறப்பது என் வேலை என்று இதில் இருக்கிறது, நேரம் எதுவும் போடவில்லையே" என்று நடுச்சாமத்தில் திறந்தால் யார் ஒத்துக்கொள்வார்கள்?

இன்னொன்றும் சொன்னார்கள்: அரசின் தலைவர் என்ற முறையில் சனாதிபதிக்கு இயல்பாகவே அமைந்த, எழுதப்படாத, நிறைந்த அதிகாரம் உண்டென்று. பிரித்தானிய முடியின் சிறப்புரிமை போன்ற ஒன்று. ஏழு பேரும் இதை மறுத்தார்கள். சனாதிபதி அரசியலமைப்பால் உருவானவர், அவருடைய அதிகாரம் அதற்குள்தான் இருக்கிறது. கட்டற்ற விருப்புரிமை என்ற ஒன்றை, சனாதிபதியானாலும் சரி சாதாரண அதிகாரியானாலும் சரி, எங்கள் சட்டம் யாரிடமும் ஒப்புக்கொள்வதில்லை என்பது தீர்ப்பின் சாரம். ஆணைப் பெண்ணாக்கவும் பெண்ணை ஆணாக்கவும் மட்டுமே தன்னால் முடியாது என்று 1978 அரசியலமைப்பை ஆக்கிய ஜே.ஆர். ஜயவர்தன சொன்னதாக நாற்பது ஆண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த எனக்கு, தீர்ப்பின் அந்தப் பக்கங்களை வாசித்தபோது நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

ஆனால் தெருவில் எடுபட்ட வாதம் வேறு. மக்களிடம் போவதில் என்ன பிழை? தேர்தல் கேட்பதற்கு எதிராக ஜனநாயகவாதிகள் நீதிமன்றம் போவதா? ஓட்டோக்காரரிலிருந்து அலுவலக நண்பர் வரை அப்போது என்னிடம் கேட்டது இதைத்தான், பதில் சொல்லத் திணறினேன். அரசு தரப்பும் இறைமை மக்களுடையது, தேர்தல் அவர்களுடைய வாக்குரிமை, அதனால் யாருடைய உரிமையும் மீறப்படவில்லை என்றது. அரசியலமைப்புக்கு முரணான கலைப்பிலிருந்து பிறக்கும் தேர்தல் வாக்குரிமையின் உண்மையான பிரயோகம் ஆகாது என்பது நீதிமன்றத்தின் பதில். தேர்தல் எப்போது என்பதை அதிகாரத்தில் இருப்பவர் தனக்குத் தோதான நாளில் வைத்துக்கொள்ள முடியுமென்றால், வாக்குச்சீட்டு நம் கையில் இருந்தும் பயனில்லை. பாராளுமன்றத்தில் பெரும்பான்மை காட்ட முடியாத ஒரு பிரதமர், பொலிஸையும் அரச தொலைக்காட்சியையும் கையில் வைத்துக்கொண்டு நடத்தும் தேர்தலாக அது இருந்திருக்கும். இதை அன்று அந்த ஓட்டோக்காரரிடம் சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 13, வியாழக்கிழமை மாலை தீர்ப்பு. பிரகடனம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. மனுதாரர்களின் 12(1) உரிமை, அதாவது சட்டத்தின் முன் சமத்துவம், மீறப்பட்டது. ஏழு பேரும் ஒரே முடிவு. சிசிர டி ஆப்ரு தனியே எழுதினார், அவரும் அதே இடத்துக்கே வந்தார். வர்த்தமானி வந்து 34ஆம் நாள். இதற்கிடையில் மஹிந்தவும் அவரது அமைச்சர்களும் செயற்பட மேன்முறையீட்டு நீதிமன்றம் டிசம்பர் 3இலேயே தடை விதித்திருந்தது. 12ஆம் தேதி ரணில்மீது நம்பிக்கை தெரிவித்து 117 பேர் வாக்களித்திருந்தார்கள். 15இல் மஹிந்த விலகினார், 16இல் ரணில் மீண்டும் பதவியேற்றார்.

ஏன் சட்டமா அதிபர்?

இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் 70ஐப் பற்றியே பேசுகிறார்கள். நான் 35ஆவது உறுப்புரையைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

கலைத்தவர் சனாதிபதி. எதிர்மனுதாரர் சட்டமா அதிபர். ஏன்? 1978 அரசியலமைப்பில் சனாதிபதி பதவியில் இருக்கும்வரை எந்த நீதிமன்றமும் அவர்மீது வழக்கை எடுக்க முடியாது. விடுபாட்டுரிமை. 1985இல் மல்லிகாரச்சி எதிர் சிவ பசுபதி வழக்கில் உயர் நீதிமன்றம் அதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதாவது வரம்புகள் எழுத்தில் இருந்தன. அவற்றை மீறியவரைக் கேள்வி கேட்க மேடை இல்லை. 19ஆவது திருத்தம் நான்கரை ஆண்டு வரம்போடு இன்னொரு சின்ன வாசகத்தையும் சேர்த்தது: சனாதிபதி உத்தியோகபூர்வமாகச் செய்தது, செய்யத் தவறியது எதுவானாலும், சட்டமா அதிபரை எதிராளியாக்கி அடிப்படை உரிமை மனுப் போடலாம். விலக்கு ஒன்றே ஒன்று: போரும் சமாதானமும் பிரகடனம் செய்யும் அதிகாரம்.

கலைப்பு என்பது ஆட்சித்துறை அல்லது நிருவாக நடவடிக்கை அல்ல, ஆகவே மனுவையே எடுக்க முடியாது, வேண்டுமானால் பாராளுமன்றம் அவரைப் பதவிநீக்கக் குற்றப்பிரேரணை கொண்டுவரட்டும் என்று சட்டமா அதிபர் வாதிட்டபோது, இந்த வாசகம்தான் கைகொடுத்தது. போரை மட்டும் விலக்கியவர்கள் கலைப்பை விலக்கவில்லை. விலக்க நினைத்திருந்தால் எழுதியிருப்பார்கள். யோசித்துப் பாருங்கள், கலைக்கப்பட்டுவிட்ட பாராளுமன்றம் எங்கே கூடிக் குற்றப்பிரேரணை கொண்டுவருவது?

70 பூட்டு என்றால், 35 அது உடைக்கப்படும்போது ஓடிப்போய்ச் சொல்ல ஒரு பொலிஸ் நிலையம். பொலிஸ் நிலையத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க குற்றப்பிரேரணை மூலம் வெளியேற்றப்பட்டபோது புதுக்கடையே சுருங்கிப்போனது. 19ஆவது திருத்தத்துக்குப் பிறகு நீதியரசர் நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். நளின் பெரேரா அந்த வழியாகத்தான், நெருக்கடிக்கு இரண்டு வாரம் முன்னால் பிரதம நீதியரசரானார். நியமித்தது சிறிசேன.

முதல் மனுதாரரைப் பற்றி

சம்பந்தன் ஐயா 1977இல் திருகோணமலையிலிருந்து முதன்முறை பாராளுமன்றம் போனவர். 1982 டிசம்பரில் ஜே.ஆர். பொதுத் தேர்தலே வைக்காமல், சர்வசன வாக்கெடுப்பு மூலம் அந்தப் பாராளுமன்றத்தின் ஆயுளை இன்னும் ஆறாண்டுக்கு நீட்டினார். 1983இல் பிரிவினைக்கு எதிரான சத்தியத்தைக் கட்டாயமாக்கிய 6ஆவது திருத்தம் வந்தது. தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தார்கள். அவருடையதும் போனது. பாராளுமன்றத்தின் ஆயுளைத் தன் வசதிக்கு நீட்டியவரின் கீழ் ஆசனத்தைத் தொலைத்தவர், முப்பத்தைந்து ஆண்டு கழித்து, அதைத் தன் வசதிக்குக் குறைக்க நினைத்தவருக்கு எதிராகப் புதுக்கடையில் நின்றார்.

தமிழருக்கு ஒன்றும் தராத ஓர் அரசியலமைப்பைக் காப்பாற்ற, அவர் தலைமையிலான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஏன் ஓட வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் அப்போது நிறையப் பேர் கேட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு விளங்கும். ஆனாலும் அவர் செய்தது சரி என்றே சொல்வேன். பெரும்பான்மை தன் சட்டத்தையே மதிக்காத நாட்டில், சிறுபான்மைக்கு எழுதிக் கொடுக்கப்படும் எந்தத் தீர்வுக்கும் பெறுமதி கிடையாது. நாளை ஓர் அதிகாரப் பகிர்வு வந்தாலும் அதை ஒரு வெள்ளிக்கிழமை இரவு வர்த்தமானியால் அழிக்க முடியுமா முடியாதா என்பதுதான் நம் கேள்வியாக இருக்கும். அவர் 2024 ஜூன் 30 அன்று காலமானார், அந்தத் தீர்வைக் காணாமலே.

பிறகு

2020இல் அப்போதைய சனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் 20ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. ஓராண்டு போனதும் கலைக்கலாம், சனாதிபதிமீது உரிமை மனு கிடையாது என்று சட்டமூலத்தில் எழுதியிருந்தார்கள். இந்த இரண்டும் அப்படியே வருவதென்றால் சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அரசாங்கம் வாக்கெடுப்புக்குப் போகவில்லை. கலைப்பு வரம்பு இரண்டரை ஆண்டாக இறங்கியது. 35இன் கதவு திறந்தபடியே இருந்தது. 2022இன் 21ஆவது திருத்தமும் இரண்டரையை மாற்றவில்லை. 2018இல் மஹிந்தவுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையை முன்வைத்த அநுர குமார திசாநாயக்க, 2024 செப்டெம்பரில் சனாதிபதியாகப் பதவியேற்ற மறுநாளே பாராளுமன்றத்தைக் கலைத்தார். அந்தச் சபை நான்காண்டைக் கடந்திருந்தது. யாரும் புதுக்கடைக்கு ஓடவில்லை.

கதவு திறந்திருந்தாலும் எல்லோரும் ஒரே வேகத்தில் உள்ளே போக முடிவதில்லை. 2000 டிசம்பரில் யாழ்ப்பாணத்து மிருசுவிலில் தங்கள் வீடுகளைப் பார்த்துவரப் போன எட்டுத் தமிழர்கள், ஐந்து வயதுக் குழந்தை உட்பட, கொல்லப்பட்டார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்ட இராணுவச் சிப்பாயின் மேன்முறையீட்டை உயர் நீதிமன்றமே 2019இல் தள்ளுபடி செய்தது. 2020 மார்ச்சில், நாடு கொரோனா ஊரடங்கில் கிடந்தபோது, கோட்டாபய அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தார். மன்னிக்கும் அதிகாரத்துக்கும் வரம்பு உண்டு என்று சொல்லி அதே 35இன் வழியாக மனுக்கள் போயின. பாராளுமன்றத்துக்கு 34 நாளில் கிடைத்த பதிலுக்காக மிருசுவில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கேயும் சனாதிபதிக்குப் பதிலாக எதிர்மனுதாரர் வரிசையில் நிற்பவர் சட்டமா அதிபர்தான்.